தையற்காரியிடம் பாடம் கேட்ட மருத்துவர்

1894-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் இரவு. பிரான்சு நாட்டின் லியோன் நகரில், குடியரசுத் தலைவர் ஸாடி கார்னோ வண்டியில் சென்றுகொண்டிருக்கையில் ஒருவன் பாய்ந்து கத்தியால் குத்தினான். ஈரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய் அறுபட்டது. தேர்ந்த மருத்துவர்கள் சூழ நின்றும் நள்ளிரவு கடந்ததும் உயிர் பிரிந்தது. அறுந்த பெருங்குழாயைத் தைத்து ஒட்டவைக்க முடியாது என்பதே அன்று மருத்துவ உலகம் கொண்டிருந்த முடிபு. அந்நகரில் மருத்துவம் பயின்ற இருபது வயது மாணவர் ஒருவர் மட்டும், தைத்திருக்கலாம் என்று வாதித்தார். அவரே அலெக்ஸி காரெல்.

வாதித்ததோடு அவர் நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. லியோன் பட்டுக்குப் பெயர்போன ஊர். காரெலின் தந்தையாரும் துணித்தொழில் செய்தவரே. எனவே இளைஞர் பேராசிரியர்களிடம் போகாமல், பூவேலை செய்வதில் கைதேர்ந்த லெருடியே அம்மையாரிடம் போய்த் தையல் பழகினார்! மிக நுண்ணிய ஊசி, மெல்லிய பட்டு நூல், அந்நூலுக்கு வாசலின் பூச்சு. உள்ளே நூல் உறுத்தினால் இரத்தம் உறைந்து வழி அடைத்துவிடும் அல்லவா?

இன்னொரு தொல்லை, குழாய் வட்டமாகவும் வழுவழுப்பாகவும் இருப்பது. அதற்கு அவர் கண்ட வழியை, மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை வெட்டிவைத்து நானும் என் அறையில் செய்து பார்த்தேன். இரு முனைகளையும் மூன்று இடங்களில் முடிச்சிட்டு, மூன்று நூல்களையும் மூன்று திசையில் இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடுகிறது. பிறகென்ன? மூன்று நேர்க்கோடுகளைத் துணி தைப்பதுபோல் தைக்கவேண்டியதுதான். இத்துணை எளிதா என்று வியந்தேன். என் தையல் ஒழுகியது என்பது வேறு கதை.

இம்முறையை 1902-இல் வெளியிட்டவர், சொந்த ஊரில் அறுவை மருத்துவர் பதவிக்கான தேர்வில் தோற்றார். (நம்மில் சிலருக்கு ஆறுதலான செய்தி!) 1904-இல் கனடா சென்றார், சிகாகோவில் கத்ரி என்பவரோடு உழைத்தார், 1906-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார், 1912-இல் நோபல் பரிசு பெற்றார்.

என் உள்ளத்தைக் கவர்ந்தது 1910-இல் அவர் எழுதிய கட்டுரை. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை விலங்குகளிடம் அறுவை செய்து பார்த்தவர், உண்மையான ஆபத்து தமனியிலோ இதயத்திலோ இல்லை, இரத்தம் நின்றுபோகும் நேரத்தில் மூளையும் தண்டுவடமும் படும் பாட்டில்தான் என்று கண்டார். விரைந்து வரும் வண்டி மோதி நின்றால் மார்பினுள் இத்தமனி கிழிவதுண்டு. இடக்கைக்குக் கிளை பிரியும் இடத்தை அடுத்தே பெரும்பாலும் கிழியும். பலர் விபத்து நடந்த இடத்திலேயே இறப்பர். பிழைத்து வந்தவர்க்கு மார்பைத் திறந்து, கிழிந்த பகுதியை நீக்கி, டேக்ரான் துணிக்குழாயை வைத்துத் தைப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. உயிர் பிழைத்தும் சிலருக்குக் கால்கள் செயலற்றுப் போயின. காரெல் அஞ்சியது அதுவே. இன்று முதலில் மருந்தால் இரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றனர். உட்சுவரில் மட்டும் சிறு கீறலென்றால் கத்தியின்றிக் கண்காணிக்கின்றனர். கிழிசல் பெரிதானால், துணி போர்த்த கம்பிவலைக் குழாயைத் தொடைத் தமனி வழியே செலுத்தி உள்ளிருந்தே அடைக்கின்றனர். தமனியின் அமைப்பு அதற்கு இடங்கொடாதபோதுதான் மார்பைத் திறந்து தைப்பது.

இத்தோடு முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் மறைப்பது முறையன்று. 1935-இல் காரெல் எழுதிய புகழ்பெற்ற நூலில், கொடிய குற்றவாளிகளை நச்சுக்காற்றால் ஒழிக்கலாம் என்று எழுதினார். மனிதருள் உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனத் தரம் பிரித்தார். செருமானியர் பிரான்சைப் பிடித்திருந்த 1941-இல், அவர்களோடு ஒத்துழைத்த அரசின் ஆதரவில் ஒரு கழகம் நிறுவித் தலைமை ஏற்றார். நாடு விடுதலையானதும் பதவியிழந்து, 1944 நவம்பர் 5-ஆம் நாள் பாரிசில் இதய நோயால் இறந்தார். ஓர் உயிரைக் காக்க ஊசி பிடித்த கை இதையும் எழுதியதே என்பதை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

லியோனில் அவர் பெயர் தாங்கியிருந்த மருத்துவக் கல்லூரி 1996-இல் அப்பெயரை நீக்கியது. சரியான செயல் என்றே எண்ணுகிறேன். அவருடைய முக்கோணத் தையலை மட்டும் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். நேற்றைய ரப்பர்க் குழாய் சற்றுக் குறைவாகவே ஒழுகியது.