நுரையீரலை அகற்றி கேன்சரை வென்ற சர்ஜன்... சிகரெட்டிடம் தோற்றது எப்படி? - டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் கதை

நுரையீரல் புற்றுநோய் என்றதுமே இன்று நமக்கு ஞாபகம் வருவது சிகரெட்தான். பாக்கெட் மேலேயே படம் போட்டு எச்சரிக்கிறார்கள். ஆனால் 100 வருடங்களுக்கு முன்னால் பெரும்பாலான டாக்டர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அந்த நோய் வந்தவரை ஆபரேஷன் செய்து பிழைக்கவைக்க முடியும் என்றும் நம்பவில்லை. இந்த இரண்டு எண்ணங்களும் மாறியதில் ஒரே மனிதருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பார்ன்ஸ் மருத்துவமனையில் தலைமை சர்ஜனாக இருந்த எவார்ட்ஸ் ஆம்ப்ரோஸ் கிரஹாம். அவரே தீவிரமான சிகரெட் பிரியர் என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

யார் இந்த கிரஹாம்?

1883 மார்ச் 19-ல் சிகாகோவில் பிறந்தார். அப்பாவும் சர்ஜன். பிரின்ஸ்டனில் பட்டம், 1907-ல் ரஷ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் பட்டம். மனைவி ஹெலன் ட்ரெட்வே வேதியியல் படித்தவர். பிற்காலத்தில் மருந்தியல் பேராசிரியராகத் தனியாகவே பெயர் வாங்கினார்.

டாக்டரான சில வருடங்கள் கழித்து கிரஹாம் அயோவா மாநிலத்தில் மேசன் சிட்டி என்ற சின்ன ஊருக்கு பிராக்டீஸ் செய்யப் போனார். அங்கே அவருக்கு ஒரு விஷயம் ஒத்தே வரவில்லை. நோயாளியை அனுப்பிவைக்கும் டாக்டருக்கு, ஆபரேஷன் ஃபீஸில் ஒரு பங்கை சர்ஜன் ரகசியமாகக் கொடுக்க வேண்டும். நம்மூர் பாஷையில் சொன்னால் ரெஃபரல் கமிஷன். யார் நல்ல சர்ஜன் என்பதைவிட யார் அதிக கமிஷன் தருகிறார் என்பதே முக்கியமாகிவிடும் இல்லையா? கிரஹாம் கடைசிவரை இதை எதிர்த்தார். சர்ஜன்களுக்குத் தரமான தேர்வு வைத்து சான்றிதழ் தரும் அமெரிக்கன் போர்டு ஆஃப் சர்ஜரி 1937-ல் தொடங்கியபோது, அதன் முதல் தலைவரும் அவரே.

பெயர் வாங்கிக் கொடுத்த ராணுவ முகாம்

முதல் உலகப்போர் நேரம். அமெரிக்க ராணுவ முகாம்களில் நிமோனியா வேகமாகப் பரவியது. பல வீரர்களுக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்தில் சீழ் சேர்ந்தது. எம்பையீமா என்பார்கள். சீழ் இருந்தால் உடனே கீறி வெளியேற்று என்பதுதான் அன்றைய வழக்கம். ஆனால் அப்படிச் செய்தவர்களில் சராசரியாக 30 சதவிகிதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

1918-ல் ராணுவம் அமைத்த குழுவில் கிரஹாமும் இருந்தார். அவர் கண்டுபிடித்தது, கேட்டால் எளிமையாகத் தோன்றும். நெஞ்சுக்கூட்டுக்குள் வெளிக்காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். நிமோனியாவால் ஏற்கெனவே மூச்சுக்குப் போராடும் ஆளுக்கு அதுவே எமன். எனவே நோயின் வேகம் குறையும்வரை நெஞ்சைத் திறக்கக் கூடாது, அதுவரை காற்று உள்ளே போகாதபடி சீழை மட்டும் எடுக்க வேண்டும் என்றார். இறப்பு விகிதம் மளமளவெனக் குறைந்தது. 'கத்தியை எப்போது எடுக்கக் கூடாது' என்று சொல்லிப் பேர் வாங்கிய சர்ஜன் என்று இவரைச் சொல்லலாம்.

1919-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரை சர்ஜரி துறைத் தலைவராக்கியது. பல்கலைக்கழகத்தின் பயிற்சி மருத்துவமனைதான் பார்ன்ஸ். அடுத்த 32 வருடங்கள், 1951-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

பசியில் இருந்த ஒரு நாய்

நடுவில் ஒரு குட்டிக் கதை. பித்தப்பை சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு மருந்தை ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து பித்தப்பைக்கு அனுப்பிவிடும், அப்போது படம் விழும் என்று கிரஹாம் யோசித்தார். இளம் டாக்டர் வாரன் கோலுடன் சேர்ந்து நாய்களிடம் சோதித்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு நாயிடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. என்ன வித்தியாசம் என்று விசாரித்தால், பராமரிப்பவர் அன்று காலை அந்த நாய்க்குச் சாப்பாடு போட மறந்திருக்கிறார். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி எல்லாவற்றையும் வெளியேற்றிவிடும். வெறும் வயிற்றில்தான் மருந்து உள்ளே தங்கும். 1924-ல் வெளியான இந்த முறை அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்கப் பயன்பட்டது. வயிற்று ஸ்கேனுக்கு இன்றும் வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே லாஜிக்தான்.

அபூர்வமாக இருந்த நோய்

இனி விஷயத்துக்கு வருவோம். 1912-ல் ஐசக் அட்லர் என்ற டாக்டர், அதுவரை வெளியான மருத்துவ நூல்களையெல்லாம் சலித்துப் பார்த்தபோது, நுரையீரல் புற்றுநோய் என்று அவரால் திரட்ட முடிந்தது வெறும் 374 கேஸ்கள். 1910-களின் இறுதியில் இதே பார்ன்ஸ் மருத்துவமனையில் ஒருவர் இந்த நோயால் இறந்தபோது, இனி வாழ்நாளில் இப்படியொன்றைப் பார்க்கவே மாட்டீர்கள் என்று சொல்லி, பிரேதப் பரிசோதனையைப் பார்க்க மாணவர்களையெல்லாம் பேராசிரியர் ஜார்ஜ் டாக் வரவழைத்தார். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு மாணவர் ஆல்டன் ஆக்ஸ்னர். பின்னாளில் நியூ ஆர்லியன்ஸில் பெரிய சர்ஜனானார். 1936-ல் ஆறே மாதத்தில் 9 நுரையீரல் புற்றுநோயாளிகள் அவரிடம் வந்தார்கள். எல்லோரும் புகைப்பவர்கள். ஆக்ஸ்னருக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. ஆனால் கிரஹாமுக்குத் தட்டவில்லை.

1933, ஏப்ரல் 5

அதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் கில்மோர், 48 வயது மகப்பேறு மருத்துவர். பல மாதங்களாக விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இருமல். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலில் நிழல். பார்ன்ஸ் மருத்துவமனையில் பிராங்கோஸ்கோப் என்ற நேரான உலோகக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, துளி சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். புற்றுநோய்.

கில்மோரே டாக்டர் என்பதால் இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தார். பல் டாக்டரிடம் போய்ப் பற்களைச் சரிசெய்துகொண்டார். கையோடு கல்லறைக்கு இடமும் வாங்கினார். பிழைத்தால் பல் வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேண்டும் என்று நினைத்திருப்பார் போல.

திட்டம் என்னவோ நோயுள்ள ஒரு மடலை மட்டும் எடுப்பதுதான். நெஞ்சைத் திறந்த பிறகுதான் கட்டி பிரதான மூச்சுக்குழாய்க்கு மிக அருகில் இருப்பது தெரிந்தது. ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் பயனில்லை. முழு நுரையீரலையும் எடுக்க வேண்டும். புற்றுநோய்க்காக அதை ஒரே ஆபரேஷனில் செய்து நோயாளி பிழைத்ததாக அதுவரை சரித்திரமே இல்லை. 1931-ல் பெர்லினில் ருடால்ஃப் நிசன் ஒரு சிறுமியின் நுரையீரலை அகற்றியிருந்தார். ஆனால் அது வேறு நோய், கட்டம் கட்டமாகச் செய்தது.

பயம் எதற்கு? நுரையீரலின் வேர்ப்பகுதியில்தான் இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. அதைக் கட்டினால் மொத்த ரத்தமும் மறுபக்க நுரையீரல் வழியாகப் போக வேண்டும். இதயம் தாங்குமா? வெட்டிய மூச்சுக்குழாய் முனை பிரிந்துகொண்டால்? காலியான இடத்தில் சீழ் பிடித்தால்? பென்சிலின் புழக்கத்துக்கு வர இன்னும் பல வருடங்கள் இருந்தன.

கில்மோரின் நண்பரான ஒரு டாக்டரும் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். கிரஹாம் அவரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். முதலில் ரத்தக்குழாயைச் சில நிமிடங்கள் இறுக்கி வைத்துப் பார்த்தார். இதயம் தாங்கியது. பிறகு வேர்ப்பகுதியை மொத்தமாகச் சேர்த்துக் கட்டி, நுரையீரலை வெட்டி எடுத்தார். மிச்சப் புற்றுநோய் இருந்தால் அழியட்டும் என்று முனையில் ரேடான் குழல்களைப் பொருத்தினார். காலியிடம் பெரிதாக இருக்கக் கூடாது என்பதற்காக 7 விலா எலும்புகளையும் அகற்றினார். நெஞ்சுச்சுவர் உள்வாங்கி அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கொடூரமாகத் தெரியலாம். ஆனால் ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

கில்மோர் இரண்டரை மாதம் மருத்துவமனையிலேயே இருந்தார். நடுவில் சீழ் பிடித்தது, இன்னொரு ஆபரேஷனும் தேவைப்பட்டது. ஆனாலும் பிழைத்தார். ஊர் திரும்பி மறுபடியும் பிரசவம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இந்த ஒரு வெற்றியை வைத்து எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கடுத்த வருடங்களில் பலர் ஆபரேஷனிலேயோ அதன் பிறகோ இறந்தார்கள். ஆனால் முடியவே முடியாது என்ற நிலை முடிந்துபோனது. உலகெங்கும் இருந்து சர்ஜன்கள் செயின்ட் லூயிஸுக்கு வந்தார்கள்.

சிகரெட் பிடிக்கும் புரொஃபசரும் ஒரு மாணவரும்

ஆபரேஷன் செய்யச் செய்ய நோயாளிகள் குறையவில்லை, கூடிக்கொண்டே போனார்கள். ஏன் என்ற கேள்விக்கு ஆக்ஸ்னர் சிகரெட்டைக் கைகாட்டினார். கிரஹாம் கிண்டல்தான் செய்தார். சிகரெட் விற்பனை கூடிய அதே காலத்தில் நைலான் ஸ்டாக்கிங்ஸ் விற்பனையும்தான் கூடியிருக்கிறது, அதுவும் காரணமா என்று கேட்டார். புகை இரண்டு நுரையீரலுக்குள்ளும் போகிறது, கட்டி மட்டும் ஒரு பக்கத்தில் வருவானேன் என்பது அவருடைய இன்னொரு சந்தேகம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டவர் விரலிடுக்கில் சிகரெட் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1948-ல் எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் வந்தார். நியூயார்க்கில் ஒரு பிரேதப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இறந்தவர் வருடக்கணக்கில் தினமும் இரண்டு பாக்கெட் ஊதியவர் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். நோயாளிகளை வரிசையாகப் பேட்டி காண வேண்டும், அனுமதி கொடுங்கள் என்றார். கிரஹாமுக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அனுமதி கொடுத்தார், தன் பெயரையும் கொடுத்தார். பல டிபார்ட்மென்ட்களில் இன்றைக்கும் இது நடப்பது அபூர்வம்.

முடிவு 1950 மே 27-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் வந்த 605 ஆண்களில் 96.5 சதவிகிதம் பேர் பல வருடங்களாக ஓரளவு அதிகமாகவோ, தொடர்ச்சியாகவோ புகைத்தவர்கள். மற்ற நோய்களுக்காக வந்த ஆண்களில் அது 73.7 சதவிகிதம். வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறதா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவ்வளவாகப் புகைக்காதவர்கள் பொது நோயாளிகளில் 26 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயாளிகளில் வெறும் 3.5 சதவிகிதம்தான். அதே வருடம் பிரிட்டனில் டால், ஹில் என்ற இருவரும் இதே முடிவுக்கு வந்தார்கள்.

கிரஹாம் சிகரெட்டை விட்டார். அதோடு நிற்காமல் வைண்டர், அடீல் குரோனிங்கர் ஆகியோருடன் சேர்ந்து சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தார். 44 சதவிகித எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. 1953 டிசம்பரில் இது வெளியானதும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அதே மாதம் 14-ம் தேதி சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் அவசரமாகக் கூடினார்கள். 1954 ஜனவரி 4-ல் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம். எதுவும் நிரூபணமாகவில்லை, நாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அந்த கம்பெனிகள் ஓட்டிய சந்தேக அரசியல் இங்கேதான் தொடங்கியது.

இரண்டு பக்கமும்

1957-ன் தொடக்கத்தில் கிரஹாமுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஃப்ளூ போலத்தான் இருந்தது. தான் கட்டியெழுப்பிய அதே பார்ன்ஸ் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரல்களிலும் புற்றுநோய். ஒரு பக்கம் மட்டும் என்றால் அவர் கண்டுபிடித்த வழியையே அவருக்கும் செய்து பார்த்திருக்கலாம். இரண்டு பக்கமும் என்றால் சர்ஜனுக்கு அங்கே வேலையில்லை. அன்று கையிலிருந்த கீமோ மருந்து நைட்ரஜன் மஸ்டர்டு. அது கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை.

பிப்ரவரியில் ஆக்ஸ்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்து வருடங்களுக்கு முன்பே புகைப்பதை நிறுத்திவிட்டாலும், அதற்கு முன் 50 வருடங்கள் புகைத்துவிட்டதுதான் பிரச்னை என்று நண்பரிடம் ஒப்புக்கொண்டார். நைலான் ஸ்டாக்கிங்ஸ் கிண்டலைக் கேட்டவர்களில் ஒருவருக்கே அந்தக் கடிதம் போனது. சில வாரங்களில், 1957 மார்ச் 4-ல் கிரஹாம் இறந்தார். வயது 73.

ஒற்றை நுரையீரலோடு கில்மோர் 1963 வரை வாழ்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் 30 வருடங்கள். அவரைக் கடைசியில் கொண்டுபோனது புற்றுநோய் அல்ல. புகைப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை அதிகாரபூர்வமாக அறிவித்தது 1964 ஜனவரி 11-ல்.

இப்போது எப்படி?

கில்மோருக்குச் செய்த முழு நுரையீரல் அகற்றம் இன்று வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான். ஆரம்பக் கட்டத்தில் நோய் உள்ள மடலை மட்டும், சில நேரம் அதிலும் சிறு பகுதியை மட்டும், சின்னத் துளைகள் வழியே எடுத்துவிடுகிறார்கள். சிடி, பெட் ஸ்கேன்கள் நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று நெஞ்சைத் திறக்கும் முன்பே காட்டிவிடும். வளையும் பிராங்கோஸ்கோப்பில் எடுக்கும் துளி சதையை வைத்து மரபணு மாற்றத்தைப் பார்த்து, அதற்கேற்ற மாத்திரையோ இம்யூனோதெரபியோ கொடுக்கிறார்கள். அதிகம் புகைத்தவர்களுக்கு வருடம் ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்தால், எக்ஸ்ரேயோடு ஒப்பிடும்போது இந்த நோயால் ஏற்படும் மரணங்கள் 20 சதவிகிதம் குறைவதை 2011-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. சளி, ஃப்ளூ என்று நினைத்து வந்தபிறகு தற்செயலாக எக்ஸ்ரேயில் மாட்டும் கேஸ்கள், கிரஹாமுடையதைப் போலவே, இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.