கிந்தனார் தந்த கலைவாணர்

நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு ஏழைக் குடியில் தோன்றிய என்.எஸ். கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் பயின்று, திரையுலகம் புகுந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு, 1947-இல் குற்றமற்றவரென விடுதலை பெற்ற பின்னரும் அவர்தம் நகைச்சுவையில் கசப்பு ஏறவில்லை. 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தின் கிந்தனார் கதாகாலட்சேபமே அதற்குச் சான்று. நந்தனார் தில்லைத் தரிசனத்திற்கு ஏங்கினார்; கிந்தனாரோ கல்விக்கு ஏங்கினார். பழைய காலட்சேப முறையிலேயே புதிய நீதியைப் பாடி, சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார் கலைவாணர். ஈட்டிய பொருளை வறியோர்க்கு வாரி வழங்கிய அவ்வள்ளல், 49 வயது நிறையுமுன் 1957-இல் மறைந்தார். வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், நம் மக்களுக்குக் கிந்தனாரைக் கேட்பிப்போமாக. சிரிப்போடு தமிழும் கல்வி வேட்கையும் அவர்கள் நெஞ்சில் சேரும்.