மூளையின் அலையைக் கண்ட ஹான்ஸ் பெர்கர்

வாணியம்பாடிக் கடைத்தெருவில் ஒருவன் வலிப்புக் கண்டு விழுந்தால், சுற்றிக் கூடும் கூட்டம் என்ன செய்யும் என்பது நேயர்கள் அறியாததன்று. ஒருவர் சாவிக்கொத்தை அவன் கையில் திணிப்பார். இன்னொருவர் காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவன் மூக்கருகே பிடிப்பார். தோலின் வாடையால் வலிப்பு நீங்குமாயின், பாலாற்றங்கரையில் தோல் மண்டிகளின் நடுவே வாழும் இவ்வூராரில் ஒருவருக்கேனும் அந்நோய் வரக் காரணமில்லை. சில நிமிஷங்களில் வலிப்பு தானாகவே அடங்கும். புகழ் மட்டும் செருப்புக்குப் போய்ச் சேரும்.

விழுந்தவனை வேலூருக்கு அழைத்துச் செல்லும் அறிவுடைய உறவினர் இருந்தால், அங்கே அவன் தலையில் சுமார் இருபது சிறு வில்லைகளை ஒட்டி, மூளையில் எழும் மின்சார அலைகளைக் கோடுகளாக எழுதிப் பார்ப்பர். ஈ.ஈ.ஜி. என்று வைத்தியர்கள் சுருக்கமாக வழங்கும் இப்பரிசோதனையை மனிதரிடத்தில் முதன்முதல் செய்து காட்டியவர் ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானியர். அவருடைய சரித்திரத்தில் போற்றத்தக்கதும் உண்டு, வெறுக்கத்தக்கதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே முறையென்று நாம் கருதுகிறோம்.

பெர்கர் 1873-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, கோபுர்க் நகரையடுத்த நாய்ஸெஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வைத்தியர். தாய்வழிப் பாட்டனார் பிரெடரிக் ரூக்கர்ட், கீழ்நாட்டு மொழிகள் பலவற்றைக் கற்ற புலவர். நம் நளோபாக்கியானத்தை வடமொழியிலிருந்து ஜெர்மன் கவிதையாக்கியவர். அன்னத்தைத் தூதனுப்பித் தூரத்திலுள்ள இரு மனங்கள் ஒன்றுபட்ட கதையைப் பாட்டனார் மொழிபெயர்த்தார். மனத்துக்கு மனம் தூது செல்லும் வழி எதுவென்று தேடிப் பேரன் வாழ்நாளைச் செலவிட்டார். இது தற்செயலே என்றாலும் நம்மால் சொல்லாதிருக்க முடியவில்லை.

அத்தேட்டத்துக்குக் காரணமான சம்பவம் விசித்திரமானது. வான சாஸ்திரம் கற்கும் எண்ணத்துடன் 1892-இல் கல்லூரி புகுந்த பெர்கர், சிறிது காலத்திலேயே அதை விட்டு ஓராண்டு ராணுவ சேவைக்குச் சென்றார். ஒருநாள் பயிற்சியின்போது குதிரை மிரண்டு, பீரங்கி வண்டி வரும் பாதையில் அவரைத் தள்ளியது. வண்டி மயிரிழையில் நின்றது, உயிர் பிழைத்தார். அன்று மாலையே தந்தையிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய தமக்கை வற்புறுத்தியதால் அனுப்பப்பட்ட தந்தி அது. தம் பயம் ஒரு சக்தியாக உருக்கொண்டு தமக்கையின் மனத்தை எட்டியது என்று பெர்கர் நம்பினார். வான சாஸ்திரம் போயிற்று. வைத்தியம் கற்க ஜேனா சர்வகலாசாலைக்குச் சென்றார். மனோசக்தி என்பது மூளையில் எவ்வாறு பிறக்கிறது, அதை அளக்க முடியுமா என்பதே அவரைப் பிடித்த கேள்வி. அவர் தேடிய சக்தி கடைசிவரை அகப்படவில்லை. அகப்பட்டது வேறு.

1897-இல் பட்டம் பெற்று, ஜேனாவிலேயே ஆட்டோ பின்ஸ்வாங்கர் என்பவரின் கீழ் மனநோய் வைத்தியசாலையில் சேர்ந்தார். 1919-இல் அதன் தலைவரானார். கடிகாரம் போல் வேலைக்கு வருபவர், அதிகம் பேசாதவர், உதவி வைத்தியர்களிடம் கண்டிப்பானவர் என்பதே அவரைப் பற்றி மற்றவர் அறிந்தது. ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கிறார் என்பதைப் பலர் அறியார். மூளையின் இரத்தவோட்டத்தை அளந்தார். அதன் வெப்பத்தை அளந்தார். இரண்டிலும் மனோசக்தியின் கணக்கு நேர்ப்படவில்லை. மிஞ்சியது மின்சாரம்.

முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை லிவர்பூல் வைத்தியர் ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே வெளியிட்டிருந்தார். 1890-இல் போலந்து நாட்டு அடால்ப் பெக் அதைத் தனியே கண்டார். ஆனால் அவை மண்டையைத் திறந்து மூளையின் மேலேயே கம்பி வைத்துக் கண்டவை. 1902 முதல் நாய்களிடம் முயன்ற பெர்கருக்குத் தோல்வியே மிகுதி. முதல் உலக யுத்தத்தில் ராணுவ வைத்தியராகப் பணிபுரிந்து திரும்பிய பின்னரும் விடவில்லை. 1924-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, மண்டையோட்டில் எலும்பு நீக்கப்பட்டிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவனிடம், மெல்லிய இழையையுடைய கால்வனாமீட்டர் மெல்ல ஆடுவதைக் கண்டார். மனித மூளையின் மின்னசைவு கண்ணுக்குத் தெரிந்த முதல் நாள் அதுவே.

இக்காலத்து விஞ்ஞானியாயிருந்தால் மறுநாளே பத்திரிகைக்காரரை அழைத்திருப்பார். பெர்கர் ஐந்தாண்டு காலம் வாயைத் திறக்கவில்லை. தாம் கண்டது மூளைதானா என்ற சந்தேகம் அவரை வாட்டியது. அச்சந்தேகத்தின் நியாயத்தை நேயர்கள் அறிதல் வேண்டும். ஒரு வோல்ட் மின்சாரத்தைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் ஐம்பது கூறளவே மூளையின் அலை தலைத்தோலில் தென்படுகிறது. இருதயத்தின் மின்சாரமோ அதனினும் பல மடங்கு பெரிது. அது உடல் முழுதும் பரவித் தலைக்கும் வரும். தாடை சற்று இறுகினால் தசையின் மின்சாரம் வரும். கண்ணிமை துடித்தால் அதுவும் ஓர் அலை எழுப்பும். கம்பி அசைந்தால் அதற்கும் ஓர் ஆட்டம். திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் முனகலைத் தனித்துக் கேட்பது போன்ற வேலை இது.

இவற்றோடு தோலும் ஒரு தடை. தோலைப் பற்றி வாணியம்பாடியாருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. மேற்பரப்பு ஒரு தன்மை, உட்பரப்பு வேறு தன்மை என்பதும், மயிர் போகாமல், கொழுப்பு நீங்காமல் எந்தச் சரக்கும் உள்ளே இறங்காது என்பதும் இவ்வூர்த் தொழிலாளிக்குக் கைவந்த பாடம். மின்சாரத்துக்கும் அவ்வாறே. தலைத்தோலின் உலர்ந்த மேற்படலமும் எண்ணெய்ப் பசையும் அலையை உள்ளேயே நிறுத்திவிடும். பெர்கர் முதலில் தோலுக்கடியில் ஊசிகளைச் செருகினார். பின்னர், உப்புநீரில் நனைத்த துணியை ஈயத் தகட்டின்மேல் சுற்றித் தலையில் கட்டினார். இன்றும் தேங்காய் எண்ணெயைச் சீயக்காயிட்டுப் போக்கிய பின்னரே வரும்படி நோயாளிக்குச் சொல்வதும், வில்லை ஒட்டுமிடத்தைச் சற்றுத் தேய்த்து உப்புக் கலந்த பசை இடுவதும் இதனாலேயே.

சந்தேகங்களை அவர் ஒவ்வொன்றாகத் தீர்த்தார். இருதயத்தின் அலையை அதே வேளையில் அதே காகிதத்தில் எழுதச் செய்து, இரண்டும் ஒவ்வாமையைக் கண்டார். மூச்சையும் நாடியையும் ஒப்பிட்டார். எலும்பு உள்ளவரிடமும் இல்லாதவரிடமும் சோதித்தார். தம் மகன் கிளாஸின் தலையிலேயே எத்தனையோ முறை பதிவு செய்தார். கண்ணை மூடி ஓய்ந்திருப்பவரிடம் விநாடிக்குச் சுமார் பத்து வீதம் எழும் அலை, கண்ணைத் திறந்ததும் அடங்குகிறது. மனக்கணக்குப் போடச் சொன்னாலும் அடங்குகிறது. இருதயத்துக்கோ தோலுக்கோ மனக்கணக்கின்பால் இவ்வளவு அக்கறை இருக்க நியாயமில்லை. 1929-இல், மனிதரின் மூளை மின்வரைவு பற்றிய முதற் கட்டுரையைப் பிரசுரித்தார். பத்து வீதமுள்ள அலைக்கு ஆல்பா என்றும், அதனினும் விரைவான சிற்றலைக்குப் பீட்டா என்றும் அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

சொந்த நாட்டில் நம்பினவர் சிலரே. 1934-இல் கேம்பிரிட்ஜில் நோபெல் பரிசு பெற்ற ஏட்ரியனும், அவரது துணைவர் மாத்யூஸும் அப்பரிசோதனையைத் திரும்பச் செய்து மெய்யென்று பறைசாற்றிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அதே நேரத்தில் அவர்கள் பெர்கரின் பிழை ஒன்றையும் வெளிப்படுத்தினார்கள். நெற்றியில் ஒன்றும் பிடரியில் ஒன்றுமாக இரண்டே மின்வாய்களை வைத்து அளந்த பெர்கர், அலை மூளை முழுவதிலும் ஒன்றாகவே எழுகிறது என்று கொண்டிருந்தார். ஆல்பா அலை பெரும்பாலும் மூளையின் பிற்பகுதியில், பார்வைக்குரிய இடத்தினருகே எழுகிறது என்று ஏட்ரியன் காட்டினார். ஊரின் இரு கோடியில் மட்டும் காவல் வைத்தவன் நடுத்தெருவில் நடந்ததை எப்படி அறிவான்?

இங்கிருந்துதான் மூளையைப் படமெழுதும் கலை தொடங்குகிறது. 1936-இல் லண்டனில் கிரே வால்டர், பல இடங்களில் மின்வாய் வைத்து, மந்தமான அலை எழும் இடத்தைக் கொண்டு மூளைக்கட்டி இருக்குமிடத்தைச் சுட்டினார். ஆனால் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஒவ்வொரு இடத்தில் வில்லையை ஒட்டினால் ஒருவர் கண்டதை மற்றொருவர் ஒப்பிடுவது எங்ஙனம்? இக்குறையைத் தீர்க்கக் கனடாவின் மாண்ட்ரியால் நகரத்து ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் ஒரு முறையை வெளியிட்டார். மூக்கும் நெற்றியும் சேருமிடத்திலிருந்து பிடரியெலும்பு வரையும், காதிலிருந்து காது வரையும் அளந்து, அத்தூரத்தில் நூற்றுக்குப் பத்து, இருபது என்னும் வீதத்தில் இடம் குறிப்பது அம்முறை. தலை பெரிதானாலும் சிறிதானாலும் இடம் தவறாது.

அதே மாண்ட்ரியாலில் வைல்டர் பென்பீல்டிடம் மூளை ரண சிகிச்சை பயின்ற ஜேக்கப் சாண்டி என்னும் இந்தியர், 1949-இல் வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் மூளை, நரம்பு நோய்களுக்கு நாட்டிலேயே முதலாவதான துறையை நிறுவினார். அந்நிய தேசத்தில் பிறந்த வித்தை சுதந்திரம் கிடைத்த இரண்டாம் ஆண்டிலேயே வட ஆர்க்காட்டுக்கு வந்து சேர்ந்தது நம்மவரின் ஊக்கத்தினாலாகும். வாணியம்பாடியிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்குவோர் இதை நினைவிற்கொள்ளலாம்.

படத்தின் திருத்தம் இன்னும் முடிந்தபாடில்லை. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாது. விடுவதையும் பரப்பிக் கலக்கிவிடுகிறது. எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் எரியும் விளக்கைப் பார்ப்பது போல, ஒளி தெரியும், திரி தெரியாது. மேலும், தலைமேல் கிடைக்கும் ஒரே கணக்குக்கு உள்ளே பல விடைகள் பொருந்தும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே நிறுவிவிட்டார். ஆகவே இக்காலத்தார் 64, 128, 256 என்று மின்வாய்களைப் பெருக்குகிறார்கள், எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு அவரவர் மண்டையின் வடிவையே கணக்கில் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு வில்லையும் இருக்குமிடத்தை அளந்து குறிக்கிறார்கள். வலிப்புக்கு ரண சிகிச்சை செய்யப் புகும் வைத்தியருக்கு ஒரு விரற்கடைப் பிசகு நோயாளியின் பேச்சையோ கையையோ பறிக்கக்கூடும்.

இனிப் பெர்கரின் கடைசி ஆண்டுகளுக்கு வருவோம். நாஜிகள் அவரை வெறுத்து 1938-இல் பதவியினின்று துரத்தினார்கள் என்று வெகுகாலம் எழுதப்பட்டு வந்தது. பின்னாளில் ஏடுகளைப் புரட்டிய சரித்திரக்காரர் கண்டது வேறு. அவ்வாண்டில் அவருக்கு வயது அறுபத்தைந்து. ஓய்வு பெறும் பிராயம். அதற்கு முன்பே அவர் எஸ்.எஸ். படைக்குச் சந்தா செலுத்தும் ஆதரவு உறுப்பினராயிருந்தார். ஜேனாவின் மேல் பரம்பரை ஆரோக்கிய நீதிமன்றத்திலும் அங்கத்தினராக வீற்றிருந்தார்.

அந்நீதிமன்றம் யாது? 1933-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹிட்லர் அரசாங்கம் செய்த சட்டத்தின்படி, பரம்பரை நோயுள்ளவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்க்குப் பலவந்தமாகக் கருத்தடைச் சிகிச்சை செய்யலாம். அச்சட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட நோய்களுள் பரம்பரை வலிப்பும் ஒன்று. சுமார் நான்கு லட்சம் பேர் அச்சட்டத்துக்கு இரையானார்கள். கீழ் நீதிமன்றத் தீர்ப்பின்மேல் அப்பீல் செய்தவர்களின் வழக்குகளே பெர்கர் இருந்த மன்றத்துக்கு வந்தன. ஒரு சிற்றலை மூளையினதா, இருதயத்தினதா என்று தீர்மானிக்க ஐந்தாண்டு தயங்கிய மனிதர், ஒரு மனிதனுக்குச் சந்ததி வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஆசனத்தில் அமரத் தயங்கவில்லை. நோய் பரம்பரையினதுதானா என்பதை அவருடைய யந்திரம் சொல்லாது. சொல்லக்கூடிய யந்திரம் எதுவும் அன்றில்லை. தேசத்தின் இரத்தம் தூய்மையாக வேண்டும் என்று மேடைகள் முழங்கின, படித்தவர்கள் தலையசைத்தார்கள். தேசபக்தி பேசும் நாம் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடலாகாது.

ஓய்வுக்குப்பின் நெஞ்சுநோயும் ஆழ்ந்த மனச்சோர்வும் அவரைப் பீடித்தன. 1941-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி ஜேனாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனநோயாளரைக் காப்பதே தொழிலாகக் கொண்ட வைத்தியசாலையின் முன்னாள் தலைவரைக் காக்க ஒருவரும் இல்லை.

அந்நிய நாட்டுக் கொடுமை இது என்று சொல்லி நம்மவர் கைகழுவவும் வழியில்லை. வலிப்பு அடிக்கடி காண்பவர் மணம் புரிய இடமில்லை என்னும் விதியை, நமது பார்லிமெண்டே 1976-இல் இந்து விவாகச் சட்டத்திலும் விசேஷ விவாகச் சட்டத்திலும் சேர்த்தது. வேலூரில் வலிப்புக்குச் சிகிச்சை தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த காலம் அது. 1999-இல்தான் அச்சொல் சட்டத்தினின்று நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது. பெண் பார்க்க வருவோரிடம் மாத்திரைச் சீட்டை ஒளித்து வைக்கும் வீடுகளும், மருந்தை ஒருநாள் நிறுத்தினால் என்ன என்று கேட்கும் தாய்மார்களும் இன்னும் இருக்கிறார்கள்.