கடலம்மாவைப் படம் பிடித்தவர்

கணவன் கடலில் இருக்கிறான். மனைவி கரையில் இருக்கிறாள். அவள் கற்பு நெறி தவறினால், கடலம்மா அவனை விழுங்கிவிடுவாள்!

கேரளத்து மீனவர்களின் இந்த நம்பிக்கையை வைத்து தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் எழுதிய நாவல் 'செம்மீன்'. அதைப் படமாக்கி, மலையாளப் படங்களின் புகழை இந்தியா முழுவதும் பரப்பியவர் ராமு காரியாட்.

இவர் 1927-ல் திருச்சூர் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள ஏங்கண்டியூரில் பிறந்தார். கடல் இவருக்குப் பழகிய ஒன்று.

இவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது 'நீலக்குயில்' (1954). கவிஞர் பி.பாஸ்கரனும் இவரும் சேர்ந்து டைரக்ட் செய்தார்கள்.

நீலி தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண். பள்ளிக்கூட வாத்தியார் அவளைக் காதலித்தார். அவள் கர்ப்பமானதும், ஜாதிக்குப் பயந்து கைவிட்டார். குழந்தையைப் பெற்றுவிட்டு அவள் இறந்தாள். அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தவர் ஊர்த் தபால்காரர். அவர் உயர்ந்த ஜாதிக்காரர்! தீண்டாமையை இப்படி நேருக்கு நேர் கேட்ட படம் அது.

அந்தக் காலத்து மலையாளப் படங்களில் இந்தி, தமிழ்ப் பாட்டு மெட்டுகளே அதிகம். 'நீலக்குயி'லிலோ கே.ராகவன் நாட்டுப்பாடல் மெட்டுகளைப் போட்டார். மாப்பிள்ளைப் பாட்டு மெட்டும் உண்டு. ஜனங்கள் தங்கள் சொந்தக் குரலைக் கேட்டார்கள். படத்துக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

பிறகு 'செம்மீன்' (1965). நாட்டிகா கடற்கரையில் படம் பிடித்தார்கள். மீனவப் பெண் கறுத்தம்மா. அவளுடைய காதலன் முஸ்லிம் வியாபாரி பரீக்குட்டி. தோணியும் வலையும் வாங்க அவனிடம் பணம் வாங்கிய தகப்பன், மகளை வேறொருவனுக்குக் கட்டிக் கொடுத்தான். முடிவில் மூன்று உயிர்கள் போயின.

நடுக்கடலில் ஆண் இறந்தால், பழி கரையில் இருக்கும் பெண்மேல்! அவள் சுமந்த பாரம் எவ்வளவு என்பதைப் படம் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேரளக் கதைக்கு இசை அமைத்தவர் வங்காளத்து சலில் சௌத்ரி. ஒரு பாட்டைப் பாடியவர் மன்னா டே. கேமராவைப் பிடித்தவர் 'மாயா பஜார்' மார்க்கஸ் பார்ட்லி. ஆனாலும் திரையில் மீன் வாடைதான் வீசியது! தென்னிந்தியப் படங்களிலேயே முதன்முதலாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது இதுதான்.

பிறகு காரியாட் கடலை விட்டு மலைக்குப் போனார். வயநாட்டு ஆதிவாசிகளைப் பற்றி பி.வத்சலா எழுதிய 'நெல்லு' நாவலை 1974-ல் படமாக்கினார். 1979-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.