தகேகோ குஜோ: சங்கம் கட்டியவரும் சங்கத்துக்கு வெளியே நின்ற பெண்களும்

ஜப்பானிலும், அங்கிருந்து கூலிகளாய்ப் போனவர்கள் கோயில் எழுப்பிய ஹவாயிலும் கலிபோர்னியாவிலும், ஜோதோ ஷின்ஷு பௌத்தக் கோயில்களின் பெண்கள் சங்கங்கள் தகேகோ குஜோவுக்கு ஆண்டுதோறும் நினைவு வழிபாடு நடத்துகின்றன. சாதி ஒழிப்பை முன்வைத்துப் பௌத்தத்தை வாசிக்கும் நாம் இவரைக் கவனமாக அறிய வேண்டியிருக்கிறது.

1887இல் கியோட்டோவில், நிஷி ஹொங்கன்ஜி மடத்தின் 21ஆம் தலைமைக் குருவுக்கு மகளாகப் பிறந்தார். அந்த மடத்தின் தோற்றமே ஒரு பெண்ணால் நிகழ்ந்தது. ஞானி ஷின்ரானின் மகள் ககுஷின்னி 13ஆம் நூற்றாண்டில் தந்தைக்கு எழுப்பிய நினைவிடம்தான் பின்னாளில் மடமாக வளர்ந்தது. ஆனால் தலைமைப் பீடம் ஆண் வாரிசுகளுக்கே உரியதாயிற்று. தகேகோவின் அண்ணன் கோசுய் பீடமேறினார். கோசுயின் மனைவி கசுகோவும் தகேகோவும், ஊர்தோறும் சிதறிக் கிடந்த கோயில் பெண்கள் குழுக்களை ஒரே அமைப்பாகத் திரட்டும் பணியில் இறங்கினர். 1911இல் கசுகோ மறைந்தபின் அப்பொறுப்பு தகேகோவைச் சேர்ந்தது.

1909இல் குஜோ யோஷிமுனே என்ற பிரபுவை மணந்து ஐரோப்பா சென்றார். கணவர் இங்கிலாந்திலேயே ஏறத்தாழப் பத்தாண்டுகள் தங்கிவிட, இவர் தனியே திரும்பினார். பிரிவில் வாடும் அழகிய கவிஞராகவே இவரைப் பார்க்க அன்றைய பத்திரிகைகள் விரும்பின. நமக்கு அதைவிட முக்கியமானது, அந்த ஆண்டுகளில் பெண்களின் உயர்கல்விக்காக அவர் உழைத்ததாகும். 1920இல் கியோட்டோவில் உருவான பெண்கள் உயர்கல்வி நிலையமே இன்றைய கியோட்டோ மகளிர் பல்கலைக்கழகம்.

1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தன. தகேகோவின் வீடும் மடத்தின் சுகிஜி கிளைக் கோயிலும் எரிந்தன. உயிர் தப்பியவர் நிவாரணத்தில் இறங்கினார். ஏழைகளுக்கான மருத்துவப் பணி அசோகா மருத்துவமனையாக வளர்ந்தது. 1927இல் வெளியான தமது நூலின் வருவாயை அதற்கே அளித்தார். 1928 பிப்ரவரி 7 அன்று, நாற்பதாம் வயதில், குருதி நஞ்சேறி இறந்தார். இந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே மடத்தைச் சேர்ந்த வேறு மக்களும் பேசத் தொடங்கியிருந்தனர். இறந்த விலங்குகளின் தோலை உரித்துப் பதப்படுத்தியதால் தீட்டுடையோர் என ஒதுக்கப்பட்ட புராக்குமின்களில் பெரும்பாலோர் ஷின்ஷு நெறியினர். 1871ஆம் ஆண்டின் அரசாணை அவர்களது இழிநிலையைச் சட்டத்தில் ஒழித்தது. ஊரும் கோயிலும் ஒழிக்கவில்லை. அவர்களது கோயில்கள் தனியே கடைநிலையில் வைக்கப்பட்டன. இறந்தவர்க்குச் சூட்டும் சமயப் பெயரில்கூட இழிவெழுத்துகளைச் சேர்த்த குருமார் இருந்தனர். சட்டம் பயின்றவர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று. நமது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் புராக்குமின்கள் கூடிச் சுய்ஹெய்ஷா என்னும் சமநிலைக் கழகத்தை நிறுவினர். அதன் முன்னோடிகளில் ஒருவரான சைகோ மன்கிச்சி ஷின்ஷு கோயில் ஒன்றின் மகன். ஒகாபே யோஷிகோ என்ற பெண் அம்மேடையில் பேசினார். மறு ஆண்டு மாநாடு பெண்களுக்கெனத் தனி அமைப்பு காண முடிவெடுத்தது. இருபதாண்டுகளுக்கு மடத்துக்குக் காணிக்கை தருவதில்லை என்றும் சுய்ஹெய்ஷா அறிவித்தது. மடமோ அப்போது தன் 700ஆம் ஆண்டு விழாவை எதிர்நோக்கி இருந்தது. மடத்தின் சார்பில் எழுத்தில் விளக்கம் தந்தவர் ஒதானி சோன்யூ, தகேகோவின் இன்னொரு சகோதரர். ஷின்ரான் சொன்ன சமத்துவம் அருளைப் பற்றியதே, சமூக வேறுபாட்டைத் தகர்ப்பதற்கன்று என்பது அவர் வாதம். அருளில் சமம், குளத்தில் இல்லை என்று நமக்குச் சொன்னவர்களை நாம் அறிவோம்.

நிலநடுக்கத்தின்போது கொரியர்களைப் பற்றிப் பரப்பப்பட்ட வதந்தி பெரும் படுகொலையாக முடிந்தது. செப்டம்பர் 6 அன்று சிபா மாகாணத்து ஃபுகுதா கிராமத்தில், ககாவாவிலிருந்து வந்த 15 மருந்து வியாபாரிகளைக் காவல் கும்பல் சூழ்ந்தது. பேச்சுவழக்கு வேறாக இருந்ததே சந்தேகத்துக்குக் காரணம். 9 பேர் கொல்லப்பட்டனர், அவர்களில் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் இருந்தனர். அனைவரும் புராக்குமின்கள். தோக்கியோவின் துயரம் நினைவுகூரப்பட்ட அளவுக்கு இவர்கள் பல பத்தாண்டுகள் நினைவுகூரப்படவில்லை.

தகேகோ கட்டியவை பள்ளி, மருத்துவமனை, சங்கம். அவர் பிறந்த பீடத்தின் தரவரிசை அவர் இறந்தபோதும் நிலைத்திருந்தது. உயர்குலப் பெண் தலைமையேற்ற சங்கத்தின் எல்லையை இதில் காண்கிறோம். அந்தச் சங்கத்தைச் சமையலாலும் தையலாலும் சிறுகாணிக்கையாலும் தாங்கிய எளிய பெண்களின் உழைப்பை இந்த எல்லை சிறிதாக்காது.

ஷின்ஷு நெறியின் மூன்று முதன்மைச் சூத்திரங்களுள் ஒன்று, மகனால் சிறைவைக்கப்பட்ட மகத அரசி வைதேகிக்காகப் புத்தர் போதித்தது. பெண்ணுக்கும் மீட்சி உண்டு என்பதற்கு இந்நெறியினர் அவளையே சான்றாகக் காட்டுவர். அதே சூத்திரத்தில், தாயைக் கொல்ல வாளெடுக்கும் அஜாதசத்ருவைத் தடுக்கும் அமைச்சர், அது சண்டாளச் செயல் என்கிறார். இந்தியாவிலிருந்து சீனம் வழியே போன இச்சொல்லுக்கு, ஜப்பானியக் குருமார் புராக்குமின்களையே பொருளாகக் காட்டினர். சுய்ஹெய்ஷா காலந்தொட்டு எழுந்த கண்டனத்தைப் புராக்கு விடுதலை அமைப்பினர் இந்த நூற்றாண்டிலும் ஷின்ஷு மடங்களின் முன் வைத்துள்ளனர்.