மேகநாத சாஃகா

மேகநாத சாஃகா (அக்டோபர் 6, 1893 – பெப்ரவரி 16, 1956) இந்திய வானியற்பியலாளர் ஆவார். விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் வெப்ப அயனியாக்கச் சமன்பாட்டைக் கண்டவர். கொல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் கழகத்தை நிறுவியவர். அவர் திட்டமிட்ட சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கி, வெற்றிட எக்கிகள் கடலில் மூழ்கியதால் பல ஆண்டுகள் தாமதமானது.

இளமை

சாஃகா இன்றைய வங்காளதேசத்தில், டாக்காவுக்கு அருகிலுள்ள செயோராத்தளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சிறு மளிகைக் கடை நடத்தி வந்தார். வறுமையின் காரணமாக, அயலூர் மருத்துவர் ஒருவரின் வீட்டில் தங்கியே நடுநிலைப் பள்ளியில் படித்தார். பின்னர் உதவித்தொகை பெற்று டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். 1905 ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து, ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களுள் இவரும் ஒருவர். அதனால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு உதவித்தொகையையும் இழந்தார். பின்னர் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றார். சத்தியேந்திரநாத் போசு இவருடைய வகுப்புத் தோழர்.

அயனியாக்கச் சமன்பாடு

1920 ஆம் ஆண்டு சாஃகா தம் சமன்பாட்டை வெளியிட்டார். ஒரு வளிமத்தின் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்து அயனிகளாகும் என்பது வெப்பநிலையை மட்டுமன்றி அழுத்தத்தையும் பொறுத்தது என்று இச்சமன்பாடு காட்டியது. அழுத்தம் குறையும்போது அயனியாக்கம் கூடுகிறது. கதிரவனின் மேல் வளிமண்டலத்தில் அயனியான கால்சியம் மிகுந்து காணப்படுவதற்கான காரணம் இதனால் விளங்கியது. 1925 ஆம் ஆண்டு சிசிலியா பேய்ன் இச்சமன்பாட்டைக் கொண்டே விண்மீன்களில் ஐதரசன் மிகுதியாக உள்ளது என்ற முடிவுக்கு வந்தார்.

1923 முதல் 1938 வரை சாஃகா அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1927 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். தாளில் எழுதிய சமன்பாட்டை ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க, காற்று நீக்கப்பட்ட உலைகள் தேவைப்பட்டன. எனவே வெற்றிட நுட்பம் அவருடைய ஆய்வுகளுக்கு இன்றியமையாததாயிற்று.

சைக்ளோட்ரானும் வெற்றிட எக்கிகளும்

1938 இல் கொல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய சாஃகா, அணுக்கரு இயற்பியலில் கவனம் செலுத்தினார். தம் மாணவர் பாசந்தி துலால் நாக் சௌத்திரியைக் கலிபோர்னியாவில் இருந்த எர்னசுட் லாரன்சின் ஆய்வகத்துக்கு அனுப்பினார். சவகர்லால் நேருவின் ஆதரவுடன் டாட்டா அறக்கட்டளையிடமிருந்து 60,000 ரூபாய் நன்கொடை கிடைத்தது. 1941 இல் நாக் சௌத்திரி நாடு திரும்பினார். காந்தத்துக்கான பாகங்கள் வந்து சேர்ந்தன. ஆனால் வெற்றிட எக்கிகளை ஏற்றி வந்த கப்பல் இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்டது.

சைக்ளோட்ரானில் அயனிகள் சுருள் பாதையில் பலமுறை சுற்றி வேகம் பெறுகின்றன. வழியில் காற்று மூலக்கூறுகளுடன் மோதினால் அவை சிதறிவிடும். ஆகவே கலத்தின் உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். ஒரே எக்கியால் இதனைச் செய்ய இயலாது. முதலில் எண்ணெயில் இயங்கும் சுழல் எக்கி பெரும்பகுதிக் காற்றை வெளியேற்றும். அதன் பிறகு விரவல் எக்கி வேலையைத் தொடங்கும். இதில் சூடாக்கப்பட்ட எண்ணெயின் ஆவி கீழ்நோக்கிப் பாய்ந்து, எஞ்சிய மூலக்கூறுகளைச் சுழல் எக்கியின் பக்கம் தள்ளுகிறது. நீரால் குளிர்விக்கப்பட்ட சுவரில் அந்த ஆவி மீண்டும் எண்ணெயாகிறது.

இவ்வெக்கிகளை இயக்குவதில் வரிசை முக்கியமானது. சுழல் எக்கி போதிய வெற்றிடத்தை உண்டாக்கி, குளிர்நீரும் ஓடத் தொடங்கிய பின்னரே விரவல் எக்கியின் சூடேற்றியை இயக்க வேண்டும். சூடான எண்ணெயில் காற்றுப் பட்டால் எண்ணெய் கெட்டுவிடும். நிறுத்தும்போது சூடேற்றியை முதலில் அணைத்து, எண்ணெய் ஆறும் வரை சுழல் எக்கியை ஓடவிட வேண்டும். சுழல் எக்கியை நிறுத்தியவுடன் அதனுள் காற்றை விடாவிட்டால், எண்ணெய் குழாய் வழியே கலத்துக்குள் ஏறிவிடக்கூடும். நீராவி கலந்து எண்ணெய் பால்போல் வெளுத்தால் அதனை மாற்ற வேண்டும். இணைப்பில் கசிவு இருப்பதாக ஐயம் எழுந்தால், அங்கு ஆல்ககாலைத் தடவி, அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று பார்ப்பது வழக்கம்.

இத்தகைய எக்கிகளைச் செய்யும் தொழிற்சாலைகள் அக்கால இந்தியாவில் இல்லை. போர்க்காலத்தில் மாற்று எக்கிகளைத் தருவிக்கவும் வழியில்லை. சாஃகாவின் குழுவினர் அவற்றைத் தாமே உருவாக்க முயன்றனர். எனினும் நுண்ணிய கடைசல் வேலையும் கசிவற்ற இணைப்புகளும் எளிதில் கைகூடவில்லை. திட்டம் ஆண்டுக்கணக்கில் பின்தங்கியது. ஆனாலும் இம்முயற்சிகளின் வழியே கருவிகளைத் தாமே செய்யும் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் கொல்கத்தாவில் உருவாயினர். வெற்றிடம் தேவைப்படும் மற்றொரு கருவியான எலக்ட்ரான் நுண்ணோக்கியை நீரசுநாத் தாசுகுப்தா 1940களின் பிற்பகுதியில் அங்கேயே அமைத்தார்.

பொதுப்பணி

அடிப்படைத் தொழில்கள் நாட்டிலேயே வளர வேண்டும் என்பதைச் சாஃகா தொடர்ந்து வலியுறுத்தினார். 1935 இல் அறிவியலும் பண்பாடும் என்ற பொருள்படும் பெயரில் ஆங்கில இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவர் நிறுவிய கழகத்தை 1950 சனவரி 11 அன்று ஐரீன் சோலியோ கியூரி திறந்து வைத்தார். 1952 இல் கொல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகவும் பணியாற்றினார். அக்குழு பரிந்துரைத்த சக நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

மறைவு

1956 பெப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார். அவர் நிறுவிய கழகம் பின்னர் சாஃகா அணுக்கரு இயற்பியல் கழகம் எனப் பெயர் பெற்றது.