டிராகன் கதை எழுதிய சிறுவன்

ஆங்கிலக் கட்டுரை நோட்டில், 'ரெட் பிக் பஸ்' என எழுதி, டீச்சரிடம் சிவப்பு மை வட்டம் வாங்கியது உண்டா? கவலை வேண்டாம். உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் டோல்கீனும், சிறுவயதில் இதே தவறைச் செய்தவர் தான்!

டோல்கீன், 1892 ஜனவரி 3ல், தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். தாய் மேபல், இரு மகன்களுடன் இங்கிலாந்து வந்திருந்த போது, தந்தை அங்கேயே காய்ச்சலில் இறந்து போனார். பர்மிங்காம் அருகே, சேர்ஹோல் என்ற சிற்றூரில் குடியேறினர். தாய் தான் முதல் டீச்சர். லத்தீன் மொழியும், செடி, கொடிகளின் பெயரும் கற்றுத் தந்தார்.

ஏழு வயதில், டிராகன் பற்றி ஒரு கதை எழுதி, தாயிடம் காட்டினான் சிறுவன். டிராகன் என்றால், நெருப்பு கக்கும் பறக்கும் பாம்பு. அதை, 'கிரீன் கிரேட் டிராகன்' என எழுதியிருந்தான். தாய், கதையைப் பற்றி எதுவும் கூறவில்லை. 'கிரேட் கிரீன் டிராகன்' என்று தான் வர வேண்டும் எனத் திருத்தினார்.

ஏன் அப்படி? சிறுவனுக்குப் புரியவில்லை.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் பல அடைச்சொற்கள் வந்தால், ஒரு வரிசை உண்டு. முதலில் நம் கருத்து. பின் அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்த பொருள். 'நைஸ் லிட்டில் ஓல்டு பிரவுன் உட்டன் பாக்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள், சரளமாக வரும். மாற்றிச் சொன்னால், நாக்கு இடறும். ஆனால், 'பிக் பேட் வுல்ப்' என்பதில், அளவு முந்திக் கொள்கிறது. ஆங்கிலம் இப்படித் தான், விதியைச் சொல்லி விட்டு, அதுவே மீறும்!

1904ல், நீரிழிவு நோயால் மேபல் இறந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது, 1921ல் தான். பன்னிரண்டு வயதில் அனாதையான டோல்கீனை, ஒரு பாதிரியார் பொறுப்பேற்று வளர்த்தார்.

முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில், 'டபிள்யூ' எழுத்துச் சொற்களை ஆராயும் வேலையில் சேர்ந்தார். 1925ல், ஆக்ஸ்போர்டு பல்கலையில் பேராசிரியரானார். 'தி லார்ட் ஆப் த ரிங்ஸ்' நாவல், 1954ல் வெளிவரத் துவங்கியது. அடுத்த ஆண்டு, தன், 63ம் வயதில், கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில், தாயின் அந்தத் திருத்தத்தைக் குறிப்பிட்டார். கதை மறந்து விட்டது. காரணம் மட்டும் இன்னும் விளங்கவில்லை எனத் தெரிவித்திருந்தார்.

1973ல் மறைந்தார்.

அவர், 1937ல் வெளியிட்ட, 'தி ஹாபிட்' நூலில், மிகப் பெரிய டிராகன் ஒன்று வருகிறது. அது பச்சை அல்ல, சிவப்பு!